எண்பத்தெட்டாம் பாகம்

ஃப்ளெக்ஸ் போர்டில் சபைச் செயலாளர் ராபர்ட்டின் முகம் ஆறடி உயரத்துக்கு இருந்தது. போதகரின் முகம் அதற்குக் கீழே தபால்தலை அளவில். இரண்டுக்கும் நடுவில் ஒரு செல்போன், அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. "நாற்பது நாள் காணொளி உபவாசம். அழைக்கிறார் சகோ. ராபர்ட், பி.ஏ., டைம் ஆபீஸ் மேற்பார்வையாளர் (ஓய்வு)." இராஜபாளையத்தில் அந்த ஆலயத்துக்குள் போகிற எவரும் அந்த முகத்தை உரசாமல் போக முடியாதபடி வாசலை ஒட்டிக் கட்டியிருந்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது லெந்து நாட்களில் கறியை விடுகிறவர்கள் உண்டு, காப்பியை விடுகிறவர்கள் உண்டு. வீடியோவை விடுவது என்பது ராபர்ட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு. போனில் பேசலாம், பார்க்கக் கூடாது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் முப்பத்தொரு வருஷம், யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதியவர் அவர். ஒரு நிமிஷத்தைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை என்பதை வாரம் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். அந்தக் கண்டிப்போடு உறுதிமொழி அட்டை அடித்து, நூற்றுப் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கினார். மறுத்தது ஒரே ஒரு ஆள். அவருடைய மனைவி அன்னத்தாய்.

"பாத்துக்கிட்டே பாக்கலன்னு எழுதிக் குடுக்க எனக்கு வராது," என்று சொல்லிவிட்டாள்.

"செயலாளர் வீட்டுலயே இப்பிடின்னா சபை என்ன நெனைக்கும்?"

"செயலாளர் பொண்டாட்டிக்கு வீடியோ பாக்காம கொழம்பு வைக்கத் தெரியாதுன்னு நெனைக்கும். அது நெசந்தானே."

ராபர்ட் அந்த அட்டையைப் பெருந்தன்மையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு அவர் ஆலய அலுவலக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். செயலாளர் வேதம் வாசிக்கிறார் என்று வெளியே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஜிப் வைத்த பெரிய வேதப் புத்தக உறை மேஜை மேல் திறந்துதான் இருக்கும். அதற்குள் செல்போன் சாய்ந்து நிற்கும். சுவர்ப் பக்கத்துக் காதில் மட்டும் இயர்போன்.

டிசம்பரில், இளைஞர்கள் எதைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதத்தான் உட்கார்ந்தார். அகப்பட்டது ஒரு துருக்கித் தொடர். வெளிநாட்டுத் தொடரைப் பின்னால் ஓடவிட்டு, முன்னால் ஒருவர் தமிழில் கதை சொல்லிக்கொண்டே போகும் சேனல். "வணக்கம் மக்களே, போன பாகத்துல என்ன பாத்தோம்னா..." என்று ஒரு கனத்த குரல் தொடங்கும். செலின் என்று ஒரு தையல்காரப் பெண். பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். கொழுந்தன் உயிலை ஒளித்துவைத்தான். முதல் பாகத்தில் ராபர்ட் குறிப்பு எடுத்தார். ஐந்தாம் பாகத்தில் பேனாவை மூடினார். பத்தாம் பாகத்தில் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

உபவாசம் தொடங்கியபோது ஐம்பத்திரண்டில் இருந்தார். நிறுத்தலாம் என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. ஆனால் மப்டியில் சினிமாக் கொட்டகைக்குப் போகிற போலீஸ்காரரைப் பார்த்து அவர் படம் பார்க்கிறார் என்று யாராவது சொல்வார்களா? அது டூட்டி. அப்படியே எண்பத்தைந்தாம் பாகத்தில் கொழுந்தன் செலினை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டான். எண்பத்தாறில் அவள் கோமாவில் படுத்தாள். எண்பத்தேழில் டாக்டர் வந்து, இன்னும் நாற்பத்தெட்டு மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். ராபர்ட் மேஜை விரிப்பின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள், லெந்து மூன்றாம் வாரத்துச் செவ்வாய், மூன்று மணிக்குத் திறந்தால் சேனலே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வெறுந்திரையும், உரிமை மீறல் புகார்களால் நீக்கப்பட்டது என்று ஒரு வரியும் இருந்தன.

திரும்ப அமுக்கினார். போனை அணைத்துப் போட்டார். கண்ணாடியைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "செலின்" என்று தேடினார்; சேலை விற்கிற ஒரு அம்மா வந்தாள். "செலின் பிழைப்பாளா" என்று தேடினார். குழந்தைப்பேறு மருத்துவமனை விளம்பரம் வந்தது. ஐந்து மணிவரை தேடியதில் ஒரே ஒரு இடத்தில் அவள் முகம் அகப்பட்டது. இந்தியில் யாரோ பேச, செலின் ஒரு கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். இது விழுவதற்கு முந்திய சிரிப்பா, எழுந்த பின் சிரித்ததா? நெற்றியில் தழும்பு இருக்கிறதா என்று திரையை விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மறுநாள் அந்த வீடியோவும் போய்விட்டது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. செயலாளர் நீர் ஆகாரம்கூட விட்டுவிட்டார் என்று ஊரில் பேச்சு. நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு முடிந்துவிட்டது. அவள் பிழைத்தாளா இல்லையா என்பது உலகத்தில் யாருக்கோ தெரியும், தனக்குத் தெரியாது என்பதுதான் அவரை அரித்தது.

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் நோயாளிகளுக்காக வேண்டுவது ராபர்ட்டின் உரிமை. பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு வரமாட்டார். மனப்பாடமாகச் சொல்வார், அதில் அவருக்குப் பெருமை. கண்ணை மூடிக் கையை விரித்தார்.

"இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடிருக்கிற தங்கபாய் அம்மாளை நினைத்தருளும். கண் ஆப்ரேஷன் செய்திருக்கிற வைகுண்டராஜை நினைத்தருளும். தலையில் அடிபட்டு, நினைவற்று, நாற்பத்தெட்டு மணி நேரக் கெடுவையும் தாண்டிக் கிடக்கிற உம்முடைய மகள் செலினை..."

குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்று அறுபது பேருக்கும் தெரிந்தது. அந்த வருஷத்திலேயே பெரிய ஆமென் அன்றைக்குத்தான் எழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் ராபர்ட்டுக்குத் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. 

கண்ணைத் திறந்தபோது எதிரில் கேத்ரின் நின்றாள். மகளிர் ஐக்கியத்தின் தலைவி. அரசு மருத்துவமனையில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள்.

"எந்தச் செலின்யா? நம்ம சபையில ரெண்டு செலின். ரெண்டு பேரும் இப்பத்தான் என் முன்னால முறுக்குத் தின்னாளுக."

"இது வேற செலின். நமக்கு வேண்டிய பிள்ளை."

"எந்த ஊரு?"

ராபர்ட் பொய் சொல்லமாட்டார். உண்மைக்கு ஒரு அடி முன்னால் நின்றுகொள்வதுதான் அவர் வழக்கம்.

"துருக்கி," என்றார்.

பக்கத்தில் நின்ற போதகர் ஸ்டெபினின் முகம் மலர்ந்தது. சின்ன வயசு, இந்தச் சபைக்கு வந்து மூன்று மாதம்தான். உபவாசம் என்றதும் தன் போனைத் தாயாரிடம் கொடுத்து ஊருக்கே அனுப்பிவிட்ட ஆள் அவர். "வேதத்துல வர்ற ஏழு சபைகளும் இருந்த மண்ணு ஐயா அது. உங்களுக்கு அங்க ஆள் பழக்கம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே."

"கொஞ்ச நாளாத்தான் தெரியும்."

"எப்படிப்பட்ட ஜனங்க?"

"நல்ல ஜனங்க. வீட்டுல மாடிப்படி ஜாஸ்தி. எல்லாரும் இடது கையாலதான் சாப்பிடுதாங்க."

போதகர் அதைப் பிரசங்கத்துக்காகக் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செலின் ஊர்ச் சொத்து ஆகிவிட்டாள். காலை ஐந்து மணி ஜெபத்தில் அவள் பெயர் முதலில் வந்தது. தங்கபாய் அம்மாளின் இடுப்பு இரண்டாவதுக்குப் போனது. அந்த ஏழு சபைகளில் ஒன்றான எபேசு பட்டணத்து விசுவாசிகளோடு நம் செயலாளருக்குத் தொடர்பு என்று போதகர் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். எபேசு என்று ராபர்ட் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. கடைத்தெருவில் அதுவரை வணக்கம் வைக்காதவர்கள் வணக்கம் வைத்தார்கள். ஒவ்வொரு வணக்கத்துக்குப் பின்னாலும் அதே கேள்வி வந்தது: "அந்தப் பிள்ளைக்கு இப்பம் எப்படி இருக்கு?"

"ஒண்ணும் தெரியல," என்பார். அதைவிடப் பெரிய உண்மையை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை.

கேத்ரின்தான் விடவில்லை. "மூக்குல ட்யூப் போட்டுருக்காங்களா?"

"நான் பாத்தப்ப இல்ல."

"நெனைவில்லாத கேசுக்கு ட்யூப் இல்லையா? மூஞ்சி வீங்கியிருக்கா?"

"இல்லம்மா. லிப்ஸ்டிக்கூட அழியல."

கேத்ரின் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, "எங்க மக ஸ்வீட்லின் கூடப் படிச்ச பிள்ளை ஒண்ணு அந்த நாட்டுலதான் நர்ஸா இருக்கு. ஆஸ்பத்திரி பேரு சொல்லுங்க, நேர்ல போயி ஒரு எட்டு பாத்துட்டு வரச் சொல்லுறேன்," என்றாள்.

"பேரு தெரியலம்மா," என்றார் ராபர்ட். 

குருத்தோலை ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னால் போதகர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "அன்னைக்கு நீங்களே எழுந்து நின்னு சபைக்குச் சொல்லணும் ஐயா. பிழைச்சாலும் சரி, ஆண்டவர் எடுத்துக்கிட்டாலும் சரி. இம்புட்டுப் பேரு முழங்கால் தேய வேண்டியிருக்காங்க."

இரண்டு வழிதான் இருந்தது. அது ஒரு தொடர் என்று சொல்லலாம். சொன்னால் வாசலில் இருக்கிற ஆறடி முகத்தை அன்றைக்கே சுருட்டிக் கக்கூசுக்குக் கதவாகக் கட்டுவார்கள். பிழைத்துவிட்டாள் என்று கையிலிருந்து போட்டு அடிக்கலாம். ஆனால் வேதத்தில், சபை நடுவே பொய் சொல்லி, அந்த இடத்திலேயே விழுந்து செத்த புருஷன் பெண்டாட்டியைப் பற்றி லெந்து முதல் வாரத்தில் பிரசங்கம் செய்ததே அவர்தான். எவ்வளவு தத்ரூபமாக என்றால், முன்வரிசையில் ஒரு அம்மாளுக்கு மயக்கம் வந்து சோடா வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. தான் விழுவதைக்கூட அவரால் யோசிக்க முடிந்தது. பின்னாலேயே அன்னத்தாயும் விழ வேண்டுமே. அவள் கையெழுத்துக்கூடப் போடவில்லை.

ஆகவே செலினுக்கு என்ன ஆயிற்று என்பது தெரிந்தாக வேண்டும். கதையில் என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்லிவிட்டால் அது பொய் ஆகாது.

கதை சொன்னவனையே பிடிப்பது என்று முடிவு செய்தார். எழுபதாம் பாகத்துக்கு மேல் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு விளம்பரம் வரும்: "இந்தப் பாகத்தை உங்களுக்கு வழங்குவது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம், சந்தனம் ஜெராக்ஸ் அண்ட் லேமினேஷன்." புதன்கிழமை காலையில், டவுசர் காலத்திலிருந்தே தெரிந்த முகங்கள் பஸ்ஸில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஏறினார். அரை மணி நேரப் பயணம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களைப் பார்த்துச் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

கடைக்காரர் சந்தனம் தொந்திக்கு மேல் கை கட்டி உட்கார்ந்திருந்தார். சும்மா போய் நிற்க முடியாமல் ராபர்ட் சட்டைப்பையில் கைவிட்டு, அகப்பட்ட தாளை நீட்டினார். "ரெண்டு காப்பி."

சந்தனம் வாங்கி வாசித்தார். "வீடியோ பாக்க மாட்டேன்னு உறுதிமொழியா? எங்க பொழைப்புல மண்ண அள்ளிப் போடுறியளே அண்ணாச்சி. கையெழுத்துக்கூட இல்ல, யாரு போடல?"

"அது வீட்டுல... இருக்கட்டும். உங்க கடைப் பேரு ஒரு காணொளியில வந்துச்சு. அதப் பத்தி ஒரு ஆய்வு."

"எத்தனாவது பாகத்துல?"

"எழுபதுல இருந்து எல்லாத்துலயும்."

"நல்ல ஆய்வு," என்ற சந்தனம் உள்பக்கம் திரும்பினார். "ஏலே விக்னேசு, உன் சப்ஸ்கிரைபர் ஒருத்தர் வந்துருக்காரு. வெளிய வா."

விக்னேஷ்வரன் சந்தனத்தின் மச்சினன். முப்பத்தைந்து வயசிருக்கும். ஒல்லி, கழுத்தில் துண்டு, மூக்கில் சளி. இத்தனை மாதம் ஒற்றைக் காதில் கேட்ட அந்தக் குரல் இந்த உடம்பிலிருந்து வந்தபோது ராபர்ட் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"சேனல் போச்சு ஐயா. நாலு லட்சம் பேரு. மூணு புகாரு, ஒரே நாளுல காலி. ரெண்டு நாளு படுத்த படுக்கை நான்."

"செலினுக்கு என்னாச்சு?"

ஆய்வு என்று சொல்லி வந்தது அவருக்கே மறந்துவிட்டது. விக்னேஷ்வரன் துண்டால் மூக்கைத் துடைத்தான்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானப்பா கதை சொன்னது."

"சத்தத்தை அணைச்சிட்டுல்லா ஓட்டுவேன். சத்தம் இருந்தா கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சிருவான். படத்தையும் இடவலமா மாத்திப் போடுவேன், அதுக்கும் அதுதான் காரணம். அவங்க பேசுறது எனக்குப் புரியாது. மூஞ்சியப் பாத்து நானாக் கோத்துச் சொல்லுறதுதான்."

ராபர்ட்டுக்கு இடது கையால் சாப்பிட்ட ஒரு நாடு முழுவதும் வலது கைக்கு மாறியது. போதகரின் குறிப்பு நோட்டு நினைவுக்கு வந்தது.

"அப்ப உயிலு?"

"ஒரு தாள எடுத்து டிராயருக்குள்ள வச்சான். கரண்ட் பில்லாக்கூட இருக்கும்."

"மாடிப்படியில தள்ளிவிட்டது?"

"அவ விழுந்தா. அவன் பின்னால நின்னான்."

"கோமா?"

"ரெண்டு பாகம் படுத்துருந்தா. அடுத்த அஞ்சு பாகத்துல அந்த நடிகையையே காணோம். லீவுல போயிருப்பா போல. நான் எதையாவது சொல்லணும்லா, அதான் கோமான்னு போட்டேன்."

"பேராவது..."

"எனக்கு டைப்ரைட்டிங் சொல்லிக் குடுத்த டீச்சரு பேரு. நல்லா அடிப்பாங்க. மெஷினையும், எங்களையும்."

"துருக்கிதான இது?" என்றார் ராபர்ட். கடைசியாகக் கையில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"துருக்கின்னு போட்டா நல்லா ஓடும்," என்றான் விக்னேஷ்வரன்.

சந்தனம் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ராபர்ட் உட்கார்ந்தார். அறுபத்தேழு வயசு ஆள் ஒருவரை நம்பி, இல்லாத நாட்டில், இல்லாத பெயரில், அநேகமாகக் காய்ச்சலில் படுத்திருந்த யாரோ ஒருத்திக்காக ஒரு சபையே முழங்காலில் நின்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

விக்னேஷ்வரன் அவர் முகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டான். "வருத்தப்படாதீங்க ஐயா. சனிக்கிழமை புதுச் சேனல் தொடங்குறேன். எண்பத்தெட்டுதான் முதல்ல. அவ சாகட்டுமா, எந்திரிக்கட்டுமான்னு நானே முடிவு பண்ணல. பழைய ஆளுக பாதிப் பேரு சாகணும்னு கேக்கான்."

"சாகக் கூடாது," என்றார் ராபர்ட்.

"எந்திரிச்சா கதை சப்புனு போயிருமே. இன்னும் பத்துப் பாகமாவது படுத்துக் கெடந்தாத்தான் எனக்கு நல்லது."

"சனிக்கிழமையே எந்திரிக்கணும். தம்பி, உன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

இவ்வளவு உருக்கத்தை விக்னேஷ்வரன் எந்தப் பார்வையாளரிடமும் பார்த்ததில்லை. யோசித்தான். "ஒங்க சத்தம் கம்பீரமா இருக்கு ஐயா. மேடையில பேசுவியளோ?"

"நாற்பது வருஷமா வேதபாடம் வாசிக்கேன்."

"அப்ப டாக்டரு பேசுற ரெண்டு வரிய நீங்க பேசிக் குடுங்க. எல்லாக் குரலையும் நானே பேசி எனக்குத் தொண்டை போச்சு. அவளை எழுப்பிருதேன்."

ராபர்ட் ஓடிவந்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் கம்பீரம் என்ற சொல் காதுக்குள் போய்விட்டது. மேலும் அவர் கணக்குப்படி இதில் ஆபத்தே இல்லை. நூற்றுப் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த அட்டைகள் அவர் பீரோவில் இருக்கின்றன. யார் கேட்கப் போகிறார்கள்? இன்னொரு வசதியும் இருந்தது. டாக்டரே சொல்லிவிட்டால், டாக்டர் சொன்னார் என்று சபையில் சொல்வது சுத்தமான உண்மை. அந்த டாக்டரும் சாட்சி சொல்கிறவரும் வேறுவேறு ஆளாக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

காகிதக் கட்டுகளுக்கு நடுவே, போர்வை தொங்கவிட்ட மூலையில் மைக் இருந்தது. முதல் தடவை அவர் டாக்டராக ஐந்து நிமிஷம் பேசினார். "டாக்டரு இம்புட்டு நேரம் நின்னா அடுத்த நோயாளி செத்துருவான் ஐயா," என்றான் விக்னேஷ்வரன். நான்காவது தடவை சரியாக வந்தது: "செலின் கண் விழித்துவிட்டாள். இனி பயமில்லை." திருத்தம் போதும் என்று விக்னேஷ்வரன் சொன்ன பிறகும், "இனி" என்பதில் இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கலாம் என்று ராபர்ட்டே கேட்டு ஐந்தாவது தடவையும் பேசினார். அந்த இருபது நிமிஷம் மட்டும் சபை அவர் நினைவுக்கே வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்படியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மாவுப் பாத்திரத்தில் சாய்ந்து நின்ற போனிலிருந்து அவருடைய குரலே கணீரென்று வந்தது. இனி பயமில்லை.

அன்னத்தாய் திரும்பாமல் தோசையைப் புரட்டினாள். "இந்த டாக்டரு பேசுறதக் கேளுங்க. பாடம் வாசிக்க வந்த ஆளு மாதிரில்லா இருக்கு."

"நீ... இதையா பாக்க? சமையல் வீடியோன்னுல்ல சொன்ன."

"சமையலும் பாப்பேன். செலினையும் பாப்பேன். நாந்தான் கையெழுத்துப் போடலியே."

"அப்ப அன்னைக்கு ஜெபத்துல..."

"பேரச் சொன்னப்பவே தெரியும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"துருக்கியில ஆளு வச்சுருக்கிறவுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?" தோசையைத் தட்டில் போட்டாள். "பன்னெண்டாயிரம் பேரு பாத்துட்டாங்கன்னு போட்டுருக்கு. நம்ம ஊருக்காரவுக எத்தனை பேரோ."

"நம்ம சபையில யாரும் பாக்க மாட்டாங்க. கையெழுத்துப் போட்டுருக்காங்க."

"நீங்களுந்தான போட்டிய," என்றாள் அன்னத்தாய்.

தோசை ஆறியது. ராபர்ட் கொல்லைப்புறம் போய் விக்னேஷ்வரனுக்குப் போன் போட்டார். "தம்பி, அத அழிச்சிரு."

"ஐயா, சேனல் பொறந்து ஆறு மணி நேரந்தான் ஆகுது."

"என் குரலையாவது எடுத்துரு."

"டாக்டரு யாரு, டாக்டரு யாருன்னுதான் அம்புட்டுப் பேரும் கேக்கான். நீங்க இன்னும் நாலு பாகம் வரணும்கான்."

விடியும்வரை அவர் குரலை மாற்றிப் பழகினார். மூக்கால் பேசிப் பார்த்தார். அன்னத்தாய் விக்ஸ் டப்பாவை எடுத்து நீட்டினாள். மெலிந்த குரலில், குறைந்த சொற்களில், "சுகம் ஆயிட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது என்று முடிவானது. அந்த இரண்டு வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது.

குருத்தோலைப் பவனி முடிந்து எல்லாரும் ஓலையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பங்குனி வெயிலில் கழுத்தில் மப்ளரோடு ராபர்ட் முதல் வரிசையில் இருந்தார். போதகர் அழைத்தார். மைக்கின் முன் போய் நின்றார். இருமினார். "செலின்..." என்று எலிக்குரலில் தொடங்கினார்.

"கேக்கல," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

அந்த ஒரு சொல்லை மட்டும் அவரால் தாங்க முடியாது. நாற்பது வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. நெஞ்சு தானாக விரிந்தது. தலை தானாக நிமிர்ந்தது. மைக் இல்லாமலே மணிக்கூண்டுவரை போகிற குரலில், "செலின் கண் விழித்துவிட்டாள்," என்றார். வாய் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "இனி பயமில்லை."

"இனி"யில் நல்ல அழுத்தம் விழுந்திருந்தது.

ஓலைகள் சரசரப்பது நின்றது. ராபர்ட் சபையைப் பார்த்தார். மூன்றாம் வரிசையில் கேத்ரினின் உதடுகள், அவர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே, அதே இரண்டு சொல்லைச் சொல்லி முடித்திருந்தன. பாடகர் குழுவில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தார்கள். கண் ஆப்ரேஷன் செய்து, வெளிச்சமே பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த வைகுண்டராஜ், பச்சைத் துணிக்கு அடியில் வாயைப் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. ஆலை வாசலில் தாமதக்காரர்களை எண்ணிய பழக்கத்தில் ராபர்ட் எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டார்.

அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. தெரியும் என்று ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை.

"ஸ்தோத்திரம்," என்றார் போதகர் ஸ்டெபின், கண்ணீரோடு. சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்.

"ஸ்தோத்திரம்," என்றது சபை, வேறு எதையும் சொல்ல வழியில்லாதவர்களின் வேகத்தோடு.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அதுவே அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஃப்ளெக்ஸ் போர்டின் நிழலில் கேத்ரின் வழிமறித்தாள்.

"ஐயா, ஒரு வார்த்தை."

"சொல்லும்மா," என்றார். குரல் இப்போது நிஜமாகவே எலிக்குரலாக இருந்தது.

அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "நான் முப்பது வருஷம் தலையில அடிபட்ட கேசுகளப் பாத்தவ. கோமாவுல கெடந்தவ இப்பிடிப் பொசுக்குனு கண்ணத் தொறந்து எல்லாத்தையும் சொல்லிட்டா யாரு நம்புவா? ஞாபகம் தப்பணும். உயிலு எங்க இருக்குங்கிறது மறந்துருக்கணும். கொழுந்தனப் பாத்து நீ யாருன்னு கேக்கணும். நாங்க பேசிக்கிட்டோம், எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க."

"நாங்கன்னா?"

"எத்தனை பேருன்னு நீங்க கேக்காதீங்க. நாங்களும் ஒண்ணும் கேக்கல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சொல்ல வேண்டிய ஆளுகிட்டச் சொல்லிருங்க."

அதற்குள் போதகர் வந்துவிட்டார். கையில் பெரிய வாழ்த்து அட்டை. "ஐயா, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஈஸ்டருக்குள்ள சகோதரி செலின் கையில கிடைக்கணும். விலாசம் சொல்லுங்க, நானே தபால் ஆபீசுக்குப் போறேன்."

 ராபர்ட் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விலாசம் எப்படிப் போதகரே கெடைக்கும்?" என்றாள் கேத்ரின், இமை கொட்டாமல். "பிள்ளைக்கு ஞாபகம் தப்பிட்டாம்லா. எந்த வீடுன்னே தெரியலயாம். ஐயா இப்பத்தான் சொன்னாக."

போதகரின் முகம் வாடியது. "அப்படியா ஐயா?"

கேத்ரின் ராபர்ட்டைப் பார்த்தாள். அவள் பின்னால் ஏழெட்டுப் பேர் ஓலைகளை மடக்குவதுபோல நின்று காதைக் கொடுத்திருந்தார்கள்.

"ஆமா," என்றார் ராபர்ட். பிறகு, கேட்கிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று தோன்றியதால், நெஞ்சை நிமிர்த்தி, கனத்த குரலில், "பூரண ஓய்வு தேவை," என்றார்.

போதகர் தலையாட்டிக்கொண்டு போனார். ராபர்ட் ஆலயத்தின் பின்பக்கத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். இந்த நிமிஷம் வரைக்கும் செலினுக்கு ஞாபகம் தப்பவில்லை. தப்பவில்லை என்றால் அவர் சொன்னது பொய். விக்னேஷ்வரன் போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மப்ளருக்கு உள்ளே வியர்வை கழுத்தில் வழிந்தது. நான்காவது தடவையில் எடுத்தான்.

"தம்பி, அடுத்த பாகம் என்னைக்குப் போடுத?"

"இந்தா, ஏறிக்கிட்டே இருக்கு ஐயா. எம்பது சதவீதம் ஆச்சு. அன்னைக்கு நீங்க அம்புட்டுக் கும்பிட்டுக் கேட்டதனால அவளுக்கு எல்லா ஞாபகமும் வர வச்சுட்டேன். வீட்டு நம்பரு வரைக்கும் சொல்லுதா."

"நிறுத்துலே," என்றார் ராபர்ட். "நான் வாரேன்."